கல்கத்தா கண்ட வண்ணக்கர்: ஜேம்ஸ் பிரின்செப்

சங்க காலத் தமிழகத்தில் பொன்னின் மாற்றையும் காசின் தரத்தையும் ஆய்ந்து கூறியவர்களை வண்ணக்கர் என அழைத்தனர். புலவர் சிலருடைய பெயரோடும் இச்சொல் சேர்ந்து வழங்குவதைச் சங்க நூல்களைப் பயின்றோர் அறிவர். விற்பவர் பக்கமும் வாங்குபவர் பக்கமும் சாயாமல், பொருளின் பக்கம் நின்று உண்மை கூறுவதே வண்ணக்கரின் கடமை. அவர் சொல் தவறினால் அங்காடியின் நேர்மையே தவறிவிடும்.

அத்தகைய வண்ணக்கர் ஒருவர் 1819-ஆம் ஆண்டில் தமது இருபதாம் வயதில் கல்கத்தாத் துறையில் வந்து இறங்கினார். அவர் பெயர் ஜேம்ஸ் பிரின்செப். அசோகர் கல்வெட்டுகளைப் படித்துக் காட்டியவர் என்ற அளவில் அவரைப் பலரும் அறிவர். ஆனால் அவர் உலையின் வெப்பத்தை அளந்தவர். நாட்டின் எடைகளை ஒழுங்கு செய்தவர். ஓரளவையிலிருந்து மற்றோரளவைக்கு எவ்வாறு பிழையின்றி மாறுவது என்பதை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

அளவை மாற்றம் என்பது பிறந்த நாட்டை விட்டு வந்து வாழும் நமக்குப் புதியதன்று. ஊரிலுள்ள நம் உறவினர் நகையைச் சவரனில் எண்ணுகின்றனர். பௌபஜார்க் கடைகளிலோ 'போரி' என்னும் கணக்கு வழங்குகிறது. சவரன் ஏறத்தாழ 8 கிராம், போரி 11.664 கிராம். ஆகவே ஒரு போரி ஏறத்தாழ 1.46 சவரன் ஆகும். மகளுக்கு நகை செய்யும் தாய்மார் இக்கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவர். அந்த 11.664 கிராம் எங்கிருந்து வந்தது என்று வினவினால், விடை பிரின்செப்பின் வாழ்க்கையில் இருக்கிறது.

இளமை

பிரின்செப் 1799-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஜான் பிரின்செப் 1771-இல் கைப்பொருள் இன்றி இந்தியாவுக்கு வந்து, வங்காளத்தில் அவுரி வாணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டித் தாய்நாடு திரும்பியவர். கம்பெனிக்காகச் செப்புக் காசு அடித்துக் கொடுத்த பழக்கமும் அவருக்கு உண்டு. பின்னாளில் அச்செல்வம் குன்றியதால், மக்கள் பலரையும் இந்தியாவில் உத்தியோகங்களில் அமர்த்த அவர் முயன்றார்.

ஜேம்ஸுக்கு இளமையிலேயே சித்திரக் கலையிலும் இயந்திர நுட்பத்திலும் கை தேர்ச்சி பெற்றிருந்தது. கட்டடக் கலையைத் தொழிலாகக் கொள்ளக் கருதி, அகஸ்டஸ் பூஜின் என்பாரிடம் பயிலத் தொடங்கினார். ஆனால் நுண்ணிய படங்கள் வரைந்ததனால் கண்பார்வை கெட்டது. அக்கல்வியைக் கைவிட நேர்ந்தது. பின்னர்ப் பார்வை தேறியதும், இலண்டன் அரசாங்க நாணயச்சாலையில் இராபர்ட் பிங்லி என்பாரிடம் உலோகங்களின் மாற்றுக் காணும் தொழிலைக் கற்றார். கட்டடக் கலை இழந்ததை நாணயச்சாலை பெற்றது.

1819 செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்த அவர், இங்குள்ள நாணயச்சாலையில் ஹொரேஸ் ஹேமன் வில்சனின் கீழ் அமர்ந்தார். வில்சன் மாற்றுக் காணும் தலைமை அதிகாரி. வடமொழியிலும் பெரும் புலமை வாய்ந்தவர். உலையும் ஓலைச்சுவடியும் ஒரே மனிதரின் கையில் இருக்கலாம் என்பதற்கு வில்சனே இளைஞருக்கு முன்மாதிரியாய் அமைந்தார்.

காசியில் பத்தாண்டுகள்

ஓராண்டுக்குள் பிரின்செப் காசி நாணயச்சாலைக்கு அனுப்பப்பட்டார். அச்சாலை 1830-இல் மூடப்படும் வரை அங்கேயே பணியாற்றினார். கேதார கட்டத்திலும் அனுமான் கட்டத்திலும் தமிழர் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் நகரம் காசி. அந்நகருக்கு அவர் செய்த தொண்டு பெரிது. மழைநீர் தேங்கி நோய் பரப்பிய தாழ்ந்த பகுதியிலிருந்து கங்கை வரை நிலத்தடியே வடிகால் அமைத்தார். சாய்ந்து நின்ற ஆலம்கீர் பள்ளிவாசல் கோபுரங்களைச் செப்பனிட்டார். யாத்திரிகர் கடக்க அஞ்சிய கர்மநாசா ஆற்றின்மேல் கற்பாலம் எழுப்பினார். நகரின் மக்கள் தொகையைக் கணக்கெடுத்தார். படித்துறைகளையும் திருவிழாக்களையும் ஓவியங்களாகத் தீட்டி நூலாக வெளியிட்டார். இவையனைத்தும் அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் செய்தவை.

அலுவலோ உலையின் முன் நிற்பது. வெள்ளியின் மாற்றைக் காண, அதனை ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலால் ஆன சிறு கிண்ணத்தில் இட்டு உருக்குவர். ஈயமும் ஏனைய கலப்புகளும் சாம்பலில் சுவறிவிடும். தூய வெள்ளி மணியாய் நிற்கும். முன்னும் பின்னும் நிறுத்தால் தரம் விளங்கும். ஆனால் உலை அளவுக்கு மீறிச் சூடேறினால் வெள்ளியிலும் ஒரு பகுதி போய்விடும். சூடு போதாதாயின் ஈயம் முழுவதும் நீங்காது. இரு வகையிலும் கணக்கு பிழைபடும். அப்பிழை ஒரு மணியோடு நில்லாது. அம்மாற்றை நம்பி அடிக்கப்படும் இலட்சக்கணக்கான ரூபாய்களுக்கும் பரவும். எனவே உலையின் வெப்பநிலையை அறிவது வண்ணக்கருக்கு நேர்மையைப் பற்றிய கேள்வியாயிற்று.

அக்காலத்து வெப்பமானி பாதரசத்தினால் ஆயது. பாதரசமோ ஏறத்தாழ 357 செல்சியஸ் டிகிரியில் கொதித்துவிடும். வெள்ளி உருகும் உலையில் அது என் செய்யும்?

தவறிய ஒரு மாற்றுக் கணக்கு

இக்குறையைப் போக்க இங்கிலாந்தின் புகழ்பெற்ற மட்கலத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் 1782-இல் ஒரு வழி கூறியிருந்தார். களிமண் துண்டு சூட்டில் சுருங்கும். அச்சுருக்கத்தை அளந்து வெப்பத்தைக் கூறலாம் என்பது அவர் கருத்து. அதற்கெனத் தனி அலகும் வகுத்தார். மட்கலச் சூளைக்கு அது பயன்பட்டது. தமது அலகைப் பாரன்ஹீட் டிகிரிக்கு மாற்றும் கணக்கையும் அவரே வெளியிட்டார். வெட்ஜ்வுட் சுழி 1077½ பாரன்ஹீட் டிகிரிக்கு நேர். ஒவ்வொரு வெட்ஜ்வுட் டிகிரியும் 130 பாரன்ஹீட் டிகிரிக்குச் சமம் என்றார்.

இக்கணக்கின்படி வெள்ளி 28 வெட்ஜ்வுட் டிகிரியில் உருகும்; 28-ஐ 130-ஆல் பெருக்கி 1077½-ஐக் கூட்டினால் 4717½ பாரன்ஹீட் டிகிரி வருகிறது. பெருக்கலிலும் கூட்டலிலும் பிழையில்லை. ஆனால் விடை மட்டும் முற்றிலும் பொய்! வெள்ளி உருகுவது 961.78 செல்சியஸ் டிகிரியில். அஃதாவது ஏறத்தாழ 1763 பாரன்ஹீட் டிகிரியில். ஏறக்குறைய மூவாயிரம் டிகிரி மிகை. இரு அளவைகளையும் இணைத்த முடிச்சு உறுதியற்றதாய் இருந்ததே காரணம். அந்த முடிச்சு தவறினால், அதற்குப் பின் செய்யும் கணக்கு எத்துணை நுட்பமாயினும் பயனில்லை. எனினும் பல ஆண்டுகள் பாடநூல்கள் அவ்வெண்களை அச்சிட்டு வந்தன.

காசியில் இருந்த இளைஞர் இதனை ஏற்கவில்லை. காற்று சூட்டில் விரியும் முறை ஒழுங்கானது. அதனை நம்பலாம் என்று கண்டார். தங்கத்தினால் ஒரு குமிழ் செய்து உலையில் வைத்தார். உள்ளிருந்த காற்று விரிந்து வெளியே தள்ளிய எண்ணெயைத் தம் நுண்ணிய தராசில் நிறுத்தார். எண்ணெயின் எடையிலிருந்து காற்றின் விரிவையும், விரிவிலிருந்து வெப்பநிலையையும் கணக்கிட்டார். வெள்ளியின் உருகுநிலை அவருக்கு ஏறத்தாழ 1830 பாரன்ஹீட் டிகிரி எனக் கிடைத்தது. இன்றைய மதிப்பினின்றும் அது 70 டிகிரிக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. குளிர்ந்த நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் அன்று, காசியின் கோடையில், நாணயச்சாலை உலையொன்றின் முன் கிடைத்த விடை இது.

தங்கக் குமிழை நாள்தோறும் உலையில் வைக்க இயலுமோ? அதற்கும் வழி கண்டார். தூய வெள்ளி, தங்கம், பிளாட்டினம் ஆகிய மூன்றையும் கொண்டு கலப்பு உலோக மணிகள் செய்தார். வெள்ளியோடு நூற்றுக்குப் பத்துப் பத்தாகத் தங்கத்தைக் கூட்டிக்கொண்டே சென்று தூய தங்கத்தை அடைவது ஒரு வரிசை. தங்கத்தோடு நூற்றுக்கு ஒன்று ஒன்றாகப் பிளாட்டினத்தைக் கூட்டுவது அதன் மேல் வரிசை. ஒவ்வொரு மணியும் முந்தியதைவிடச் சற்று உயர்ந்த சூட்டில் உருகும். மணிகளை வரிசையாக உலையில் வைத்து எடுத்தால், எது வரை உருகியுள்ளது என்பதே உலையின் வெப்பத்தைக் காட்டிவிடும். கடுகளவு மணி போதும். அதனை மீண்டும் அடித்துப் பயன்படுத்தலாம். தூய உலோகம் எங்கும் ஒன்றே ஆதலின், காசியில் செய்த அளவுகோலை இலண்டனிலும் சென்னையிலும் எவரும் மீண்டும் செய்துகொள்ளலாம்.

இவ்வாராய்ச்சியை இலண்டன் இராயல் சொசைட்டி 1828-இல் வெளியிட்டது. அவ்வாண்டே பிரின்செப் அக்கழகத்தின் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது முப்பது கூட நிறையவில்லை. 1990-ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்பநிலை அளவையிலும் வெள்ளி, தங்கம், செம்பு ஆகியவற்றின் உறைநிலைகள் நிலைப்புள்ளிகளாய் விளங்குகின்றன. அவர் நம்பிய உலோகங்கள் உலகத்தின் நம்பிக்கையையும் பெற்றன.

தன்வெப்பம் என்னும் தராசு

சூட்டை அளக்க வேறொரு வழியும் அக்காலத்து அறிஞர் கையாண்டனர். உலையிலிருந்து எடுத்த உலோக உருண்டையைத் தண்ணீரில் இட்டு, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்ப்பது அம்முறை. இதற்கு உருண்டையின் தன்வெப்பம் தெரியவேண்டும். ஒரு பொருளின் ஓரலகு எடையை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பமே அதன் தன்வெப்பம். நம் வீட்டுச் சிறுவர் பள்ளியில் இதனைக் கற்கும்போது அலகுகளின் பெருக்கத்தைக் கண்டு மயங்குவதுண்டு. ஆதலின் சற்று விளக்குதல் தகும்.

100 கிராம் பிளாட்டின உருண்டையை 25 டிகிரியில் இருக்கும் 500 கிராம் தண்ணீரில் இட்டோம், தண்ணீர் 31.2 டிகிரிக்கு ஏறியது எனக் கொள்வோம். தண்ணீர் பெற்ற வெப்பம் 500-ஐ 6.2-ஆல் பெருக்க வரும் 3100 கலோரி. பிளாட்டினத்தின் தன்வெப்பம் 0.032 எனின், உருண்டை ஒரு டிகிரி ஆறும்போது இழப்பது 3.2 கலோரி. ஆகவே அது ஏறத்தாழ 969 டிகிரி ஆறியிருக்கவேண்டும்; உலையின் சூடு 1000 டிகிரி என்று விடை வரும்.

இங்கும் ஒரு கண்ணி உண்டு. உலோகங்களின் தன்வெப்பம் சூடு ஏற ஏற மிகுவதை டூலாங், பெட்டிட் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1818-இல் கண்டு கூறினர். 0.032 என்பது அறையின் சூட்டில் மட்டுமே உண்மை. அறைச் சூட்டிலிருந்து ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூடு வரை சராசரி 0.035-ஐ ஒட்டி அமையும். அதனைக் கொண்டு கணித்தால் விடை ஏறத்தாழ 917 டிகிரியாகக் குறைந்துவிடும். கணக்கு ஒன்றே, அடிப்படை எண் மாறியது, விடை ஏறத்தாழ 83 டிகிரி மாறியது. வெட்ஜ்வுட்டின் கணக்கு கற்பித்த பாடமே இங்கும் விளங்குகிறது.

இனி அலகுகள். கிராம், செல்சியஸ், கலோரி கொண்டு அளந்தால் வெள்ளியின் தன்வெப்பம் 0.056. ராத்தல், பாரன்ஹீட், பிரிட்டிஷ் வெப்ப அலகு கொண்டு அளந்தாலும் அதே 0.056 தான். காரணம் எளிது. கலோரி என்பது ஒரு கிராம் தண்ணீரை ஒரு செல்சியஸ் டிகிரி சூடேற்றும் வெப்பம். பிரிட்டிஷ் வெப்ப அலகு என்பது ஒரு ராத்தல் தண்ணீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடேற்றும் வெப்பம். இரண்டிலும் தண்ணீரின் மதிப்பு ஒன்று. தோலா எடைத் தண்ணீரைக் கொண்டு ஓரலகு வகுத்தாலும் வெள்ளி 0.056-ஆகவே நிற்கும். தண்ணீரே இங்கு நிலைப்புள்ளி; ஏனைய வேறுபாடுகள் தாமே கழிந்துபோகின்றன.

பிரின்செப் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1843-இல், ஜேம்ஸ் ஜூல் என்பார் உழைப்பும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறும் கணக்கை வெளியிட்டார். அவர் பெயரால் அமைந்த ஜூல் அலகை வெப்பத்திற்கும் உரியதாக 1948-இல் பன்னாட்டு அளவை மாநாடு ஏற்றது. அப்போது தண்ணீரின் மதிப்பு ஒன்று என்னும் வசதி போயிற்று. பன்னாட்டு அட்டவணைக் கலோரி 4.1868 ஜூல். எனவே கலோரிக் கணக்கிலுள்ள தன்வெப்பத்தை 4186.8-ஆல் பெருக்கினால், ஒரு கிலோகிராமுக்கு ஒரு டிகிரிக்கு எத்தனை ஜூல் என்பது கிடைக்கும். வெள்ளிக்கு அது ஏறத்தாழ 234. வேதியியலார் கலோரியோ 4.184 ஜூல், எந்தக் கலோரி என்பதை அறிந்து மாற்றுதல் வேண்டும்.

மற்றுமோர் எச்சரிக்கையும் மாணவருக்குத் தேவை. வெப்பநிலையைச் செல்சியஸிலிருந்து பாரன்ஹீட்டுக்கு மாற்றும்போது 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டுகிறோம். தன்வெப்பத்தில் வரும் டிகிரி ஒரு நிலையன்று; இரு நிலைகளுக்கு இடையேயுள்ள தொலைவு. அங்கே 32-க்கு இடமில்லை. ஊரிலிருந்து இங்கு வரையுள்ள தொலைவைக் கூறும்போது, மைல்கல் எங்கே தொடங்குகிறது என்பதை எவரும் கூட்டுவதில்லை அன்றோ?

ரூபாயும் மணங்கும்

காசி நாணயச்சாலை மூடப்பட்டபின் 1830-இல் பிரின்செப் கல்கத்தா திரும்பினார். ஸ்ட்ராண்டு சாலையில், கிரேக்கக் கோயிலின் முகப்பைப் போன்ற தூண்களோடு புதிய வெள்ளி நாணயச்சாலை அப்போதுதான் எழுந்திருந்தது. 1832-இல் வில்சன் விலகிச் செல்லவே, பிரின்செப் அங்குத் தலைமை வண்ணக்கரானார். குதிரையிலிருந்து விழுந்து இறந்த தம் உடன்பிறந்தார் தாமஸ் தொடங்கிவைத்த கால்வாய்ப் பணியையும் முடித்துக் கொடுத்தார்.

அந்நாளில் நாட்டின் எடைகள் இருந்த நிலை சொல்லத் தரமன்று. மணங்கு என்பது சென்னையில் 25 ராத்தல். பம்பாயில் 28 ராத்தல். வங்காளத்தில் கம்பெனிப் பண்டகசாலை மணங்கு ஏறத்தாழ 74⅔ ராத்தல். அங்காடி மணங்கு அதனினும் பத்தில் ஒரு பங்கு மிகுதி. நம் நாட்டு வீசையும் பலமும் இங்கு வந்தால் விளங்கா. இங்குள்ள சேர் அங்கே சென்றால் விளங்காது. ரூபாயும் அவ்வாறே. கல்கத்தா சிக்கா ரூபாய் ஏறத்தாழ 192 கிரெயின். பரூக்காபாத் ரூபாய் ஏறத்தாழ 180 கிரெயின். இக்குழப்பத்தில் இலாபம் அடைந்தோர் வட்டிக்கடைக்காரரும் தரகருமே. நட்டம் அடைந்தவர் எழுத்தறியாக் குடியானவர்.

பிரின்செப் எல்லா எடைகளையும் ஒரு நிலைப்புள்ளியில் கட்ட முனைந்தார். அவர் பெரிதும் முயன்று வாதாடிய சீர்திருத்தம் 1833-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டமாக வெளிவந்தது. அதன்படி தோலா என்பது 180 கிரெயின். 80 தோலா ஒரு சேர். 40 சேர் ஒரு மணங்கு. மணங்குக்கு 3200 தோலா, அஃதாவது 5,76,000 கிரெயின். டிராய் ராத்தலுக்கு 5760 கிரெயின் ஆதலின் மணங்கு மிகச் சரியாக 100 டிராய் ராத்தல் ஆயிற்று. பின்னமின்றிப் பொருந்திய இந்த மாற்றம் தற்செயலன்று, திட்டமிட்டு அமைத்தது.

1835-இல் வந்த நாணயச் சட்டம் ரூபாயின் எடையையும் 180 கிரெயினாக்கியது. அதில் 165 கிரெயின் தூய வெள்ளி. இதன் பயனை எண்ணிப் பார்க்கவேண்டும். ரூபாயே ஒரு தோலா. எனவே ஒவ்வொரு ரூபாயும் ஓர் எடைக்கல். வணிகனின் கல்லில் ஐயம் எழுந்தால், எண்பது புது ரூபாயைத் தட்டில் இட்டு ஒரு சேரைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அரசாங்க முத்திரையோடு கூடிய எடைக்கல் மக்கள் கைக்கே சென்று சேர்ந்தது. நம் பாட்டிமார் மருந்துச் சரக்கை ரூபாய் எடைக் கணக்கில் கூறியதை நினைவுகூர்க.

பல்வகை நாணயங்கள், எடைகள், அளவைகள் ஆகியவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் அட்டவணைகளையும் 1834-இல் அவர் தொகுத்து வெளியிட்டார். 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வரத் தொடங்கும் வரை, அவர் காலத்துத் தோலாவும் சேரும் நாட்டை ஆண்டன. 180 கிரெயின் என்பது 11.664 கிராம். பௌபஜார் போரியின் மூலம் இதுவே.

எழுத்துக்கு மாற்றுக் கண்டவர்

நாணயச்சாலைக்கு வந்த பழங்காசுகளில் வழக்கொழிந்த எழுத்துகள் இருந்தன. அவற்றை உருக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. 1832-இல் ஆசியாடிக் சொசைட்டியின் செயலாளரான பின், அக்கழகத்தின் திங்களிதழைத் தொடங்கி நடத்தினார். அதற்கான படங்கள் பலவற்றைத் தம் கையாலேயே வரைந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கல்வெட்டுப் படிகள் அவருக்கு வந்து குவிந்தன. தில்லி, அலகாபாத் முதலிய ஊர்களின் தூண்களில் ஒரே வகையான எழுத்து இருந்தும், படிக்க வல்லார் எவரும் இலர்.

இங்கும் அவர் தேடியது ஒரு நிலைப்புள்ளியையே. சாஞ்சித் தூபியின் வேலியில் இருந்த குறுங்கல்வெட்டுகள் பலவும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதை 1837-இல் கண்டார். கோயிலில் இவ்வாறு சிறு சிறு வரிகள் எதற்கு? கொடை கொடுத்தவர் பெயராக இருக்கலாம். அவ்வாறாயின் இறுதிச் சொல் தானம் என்பதாகும். இவ்வூகத்தால் சில எழுத்துகள் உறுதியாயின. அவற்றைக் கொண்டு பிறவும் விளங்கின. காசில் கிரேக்க எழுத்தோடு இணைந்து வந்த பழைய எழுத்தை லாசன் என்னும் அறிஞர் முன்னரே படித்திருந்ததும் துணையாயிற்று. பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்காரர் மொழி வகையில் உதவினார்.

தேவானாம்பிய பியதசி என்னும் அரசனின் ஆணைகள் அத்தூண்களில் இருப்பது தெரிந்தது. அவன் யார்? இலங்கையில் பாலி நூல்களை ஆராய்ந்த ஜார்ஜ் டர்னர், அவன் மௌரிய அசோகனே என்று காட்டினார். மறு ஆண்டில் கிர்னார், தௌலி ஆகிய இடங்களின் பாறைக் கல்வெட்டுகளையும் பிரின்செப் படித்தார். அவற்றின் இரண்டாம் ஆணையில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் பெயர்கள் அசோகனது ஆட்சிக்கு அப்பாற்பட்ட நாட்டினராகக் குறிக்கப்பட்டுள்ளன. ஹௌராவிலிருந்து சென்னை செல்லும் இரயில் புவனேசுவரத்தைக் கடக்கிறதே, அதற்கு அணித்தே உள்ளது தௌலிக் குன்று. நம் மூவேந்தர் மரபுகளின் பெயர் இற்றைக்கு ஏறத்தாழ 2270 ஆண்டுகளுக்கு முன்னரே அப்பாறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இந்நன்மை அதனோடு முடியவில்லை. மதுரைக்கு அருகில் மாங்குளம் முதலிய குன்றுகளின் குகைகளிலும் அவ்வெழுத்தின் தமிழ் வடிவம் இருந்தது. அவற்றின் மொழி தமிழே என்பதைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் நிறுவினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அவற்றை முறையாகத் தொகுத்தும் விளக்கியும் பெருந்தொண்டு புரிந்தார். சங்க இலக்கியத்தில் பெயரளவில் அறிந்த அரசர் சிலருக்குக் கல்லே சான்றாய் நின்றது. இவ்வழியின் தொடக்கம் கல்கத்தாவில் ஒரு நாணயச்சாலை அதிகாரியின் மேசையில் அமைந்தது என்பது நமக்குப் பெருமகிழ்ச்சி தருவதன்றோ?

மறைவு

பகலில் உலை, அட்டவணை. இரவில் கல்வெட்டு, இதழ்ப் பணி. ஓய்வென்பதை அறியாத அவ்வுடல் தாங்கவில்லை. 1835-இல் மணம் புரிந்து, 1837-இல் ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையாகியிருந்த பிரின்செப்பை 1838-இல் கடுந்தலைவலி பற்றியது. விரைவில் மூளையின் ஆற்றல் குன்றியது. அவ்வாண்டின் இறுதியில் அவரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினர். தொலைந்த எழுத்தை உலகுக்கு மீட்டுக் கொடுத்தவரின் நினைவு, தன்னையே மீட்டுக்கொள்ள இயலாமற் போயிற்று. 1840-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் அவர் இலண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பதே.

கல்கத்தா மக்கள் பொருள் திரட்டி, ஹூக்ளிக் கரையில் அவர் பெயரால் தூண்கள் நிறைந்த ஒரு மண்டபம் அமைத்தனர். 1843-இல் திறக்கப்பெற்ற அதுவே பிரின்செப் காட். 1992-இல் திறந்த வித்யாசாகர் சேது இன்று அதன் அருகே வானளாவ நிற்கிறது. மாலை வேளைகளில் குடும்பத்தோடு அங்குச் செல்லும் நாம், படகையும் பாலத்தையும் காட்டுவதோடு அமையாமல், அம்மண்டபத்திற்கு உரியவரின் கதையையும் சிறுவருக்குக் கூறுதல் வேண்டும். கணக்குப் பாடத்தில் அலகு மாற்றிப் பழகும் பிள்ளைக்கு, முதலில் நிலைப்புள்ளியைச் சரிபார். பின்னரே பெருக்கு என்று சொல்லிக் கொடுப்போமாயின், அதுவே அவ்வண்ணக்கருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.